அட்ரினலில் கட்டி: ஏன் உடனே ஊசி குத்திப் பார்ப்பதில்லை?

கேள்வி இது: தங்கைக்கு 23 வயது. விட்டுவிட்டு வந்த வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் ஒன்றுமில்லை, ஆனால் வலது அட்ரினல் சுரப்பியில் 6.5 செ.மீ. கட்டி இருப்பது தெரிந்தது. ‘கேங்லியோநியூரோமாவாக இருக்கலாம், சாதுவான கட்டி போலத்தான் தெரிகிறது’ என்று ரிப்போர்ட் சொல்கிறது. டாக்டர் பயாப்ஸி (ஊசி குத்தித் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) வேண்டாம் என்கிறார். ஆபரேஷனுக்குத் தேதியும் தரவில்லை. வரிசையாக ரத்தப் பரிசோதனை, ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நேரத்தைக் கடத்துகிறார்களா? ஆபரேஷன் என்றால் வயிற்றைக் கிழிக்க வேண்டுமா? ஒரு சுரப்பியை எடுத்துவிட்டால் நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது என்ன ஆகும் என்று அம்மா அழுகிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் டாக்டர் சரியாகத்தான் செய்கிறார். இந்தச் சுரப்பிகளில் அறுவை சிகிச்சை செய்வதே என் வேலை. அட்ரினல் கட்டியில் நான் பார்த்த பெரிய ஆபத்துகள் எல்லாம் அவசரத்தால் வந்தவைதான். ‘இது என்ன கட்டி?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இது ரத்தத்துக்குள் எதையாவது சுரக்கிறதா?’ என்று கேட்க வேண்டும். மார்பகக் கட்டியிலோ கழுத்துக் கட்டியிலோ ஊசி முன்னால் வரலாம். இங்கே வரக் கூடாது.

ஏன் என்று புரிய, சுரப்பியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எடை 4 முதல் 5 கிராம்தான். அதற்குள் இரண்டு வெவ்வேறு உறுப்புகள் குடியிருக்கின்றன என்றே சொல்லலாம். வெளிப் பகுதி கார்டிசால், ஆல்டோஸ்டிரோன், சிறிதளவு ஆண் ஹார்மோன்கள் ஆகியவற்றைத் தயாரிக்கிறது. உள் பகுதி நரம்பு மண்டலத்தோடு பிறந்தது. அட்ரினலினும் நார் அட்ரினலினும் அங்கிருந்து வருகின்றன. உங்கள் தங்கைக்குச் சந்தேகப்படும் கேங்லியோநியூரோமாவும் இந்த உள் பகுதியின் வம்சம். முதிர்ந்த நரம்பணுக்களும் அவற்றைச் சுற்றிப் போர்த்தும் அணுக்களும் சேர்ந்து மெல்ல வளரும் கட்டி அது. பெரும்பாலும் எதையும் சுரக்காது, வேறு இடத்துக்குப் பரவாது. முதுகெலும்பை ஒட்டி நெஞ்சிலும் வயிற்றின் பின்பகுதியிலும் வருவதுதான் அதிகம். அட்ரினலில் வருவது குறைவு. மிக அரிதாக ஒரு சில கட்டிகள் குடலைத் தூண்டும் ஹார்மோனைச் சுரந்து, நிற்காத வயிற்றுப்போக்கை உண்டாக்கும். தங்கைக்கு அப்படி எதுவும் இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கேட்டால்தான் இதையெல்லாம் பலர் சொல்வார்கள்.

சிக்கல் என்னவென்றால், அதே உள் பகுதியிலிருந்து ஃபியோகுரோமோசைட்டோமா என்ற இன்னொரு கட்டியும் வரும். அட்ரினலினை வெள்ளமாகக் கொட்டும் கட்டி அது. ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிற நேரங்கள் உண்டு. அரிதாக இரண்டும் கலந்த கட்டியும் உண்டு. ஃபியோகுரோமோசைட்டோமா உள்ள ஒருவருக்கு ஊசி குத்தினால், வயிற்றை அழுத்திப் பிசைந்தால், முன் தயாரிப்பு இல்லாமல் மயக்க மருந்து கொடுத்தால், சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் எங்கேயோ போய் நிற்கும். வாந்திக்கு எல்லா இடத்திலும் போடுகிற மெட்டோக்ளோப்ரமைடு ஊசிகூட அந்தப் புயலைக் கிளப்பிவிடும். அதிக அளவு ஸ்டீராய்டும் அப்படித்தான். பரிசோதனை முடிவு வரும்வரை எந்த கிளினிக்குக்குப் போனாலும் ‘அட்ரினலில் கட்டி இருக்கிறது, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டு அப்புறம் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒருவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வேறொரு இடத்தில் ‘என்ன கட்டி என்று பார்த்துவிடலாம்’ என்று ஊசி குத்தியிருந்தார்கள். மேல் அழுத்தம் 250ஐத் தாண்டி, நுரையீரலில் நீர் கோத்து, பேச்சில்லாமல் வந்தார். ஆறு நாள் ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்தார். வாரங்கள் கழித்து அறுவை செய்தபோது ஊசி போன வழியெல்லாம் ரத்தம் உறைந்து, சுற்றியிருந்த திசு ஒட்டிக்கிடந்தது. இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது ஐந்து மணி நேரம் ஆனது. அந்த மனிதரின் மனைவி ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பயாப்ஸி வேண்டாம் என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. வெளிப் பகுதியில் வரும் புற்றுநோய் மிக அரிது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருகிறது. ஆனால் வந்தால் பொல்லாதது. அதன் உறையை ஊசியால் துளைத்தால் அணுக்கள் சிந்திப் பரவ வழி உண்டு. அவ்வளவு ஆபத்தை ஏற்று எடுத்தாலும், நூல் போன்ற அந்தத் துணுக்கை வைத்து அடினோமா என்ற சாதுவான வெளிப் பகுதிக் கட்டியா புற்றுநோயா என்று நோயியல் நிபுணரால் உறுதியாகப் பிரிக்க முடியாமல் போகலாம். கேங்லியோநியூரோமாவிலும் இதே கதைதான். கட்டியின் ஒரு மூலையில் புற்றுநோய்த் தன்மை உள்ள முதிராத நரம்பணுக்கள் ஒளிந்திருந்தால் ஊசி அந்த மூலைக்குப் போயிருக்காது. உடலில் வேறெங்கோ இருக்கும் புற்றுநோய் அட்ரினலுக்குப் பரவியதா என்று பார்க்கவும், இரண்டு பக்கமும் வீங்கிக் காசநோயோ பூஞ்சைத் தொற்றோ என்று சந்தேகம் வரும்போதும் ஊசிக்கு இடம் உண்டு. காசநோய் நம் நாட்டில் நிஜமான சாத்தியம். அங்கும்கூட ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதி செய்த பிறகுதான். ஒரே பக்கம் கட்டி உள்ள 23 வயதுப் பெண்ணுக்கு இது பொருந்தாது.

சரி, அந்த வரிசையான பரிசோதனைகள் என்ன?

முக்கியமானது மெட்டாநெஃப்ரின், நார்மெட்டாநெஃப்ரின் என்ற இரண்டு பொருள்கள். அட்ரினலின் என்ற ஹார்மோன் கட்டியிலிருந்து விட்டுவிட்டுத்தான் ரத்தத்தில் கலக்கும். நீங்கள் ரத்தம் எடுக்கும் நேரத்தில் அது அமைதியாக இருக்கலாம். ஆனால் கட்டிக்குள்ளேயே அட்ரினலின் சிதைந்து மெட்டாநெஃப்ரினாக மாறிக்கொண்டிருக்கும். அது ஓயாமல் கசியும். அதனால் அதை அளப்பது நம்பகமானது. ரத்தத்தில் பார்ப்பதானால் 20, 30 நிமிடம் மல்லாந்து படுத்திருந்த பிறகு எடுக்க வேண்டும். லேபில் நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். அப்படி வந்த ஓர் எண்ணைப் பார்த்து வீடே கலங்கிப்போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில பழைய மாத்திரைகளும் அளவை ஏற்றும். 24 மணி நேரச் சிறுநீர் என்றால், காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட்டு, அப்போதிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். லேப் கொடுக்கும் கேனில் அமிலம் இருக்கும், கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு சாதாரணம் என்று வந்தால் ஃபியோகுரோமோசைட்டோமா ஏறக்குறைய இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். சாதாரண அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்றால் ஏறக்குறைய உறுதி. இரண்டுக்கும் நடுவில் லேசாக ஏறியிருந்தால் சரியான முறையில் திரும்ப எடுப்பார்கள். கேங்லியோநியூரோமாவிலும் சில நேரம் லேசாக ஏறியிருப்பதுண்டு.

அடுத்தது கார்டிசால். இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெதசோன் (கார்டிசால் போல வேலை செய்யும் மாத்திரை) விழுங்கி, காலை 8, 9 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். ஆரோக்கியமான சுரப்பி அந்த மாத்திரையைப் பார்த்ததும் தன் உற்பத்தியை நிறுத்திவிடும். கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. உங்கள் தங்கை வயதில் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். மாதவிடாயை ஒழுங்குபடுத்தவோ வேறு காரணத்துக்கோ ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் இந்தப் பரிசோதனை பொய்யாக அதிகம் காட்டும். பல வாரங்கள் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டியிருக்கும். வெட்கத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் இல்லாத நோய்க்கு மருந்து ஆரம்பித்துவிடும் அபாயம் உண்டு. முகத்தில் புதிதாக முடி, மாதவிடாய் தள்ளிப்போவது, குரல் கனப்பது இருந்தால் ஆண் ஹார்மோன்களையும் பார்ப்பார்கள். பி.பி. இருந்தாலோ பொட்டாசியம் குறைந்திருந்தாலோ உப்பையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோனையும் ரெனினையும் பார்ப்பார்கள். இவ்வளவுதான் பட்டியல். பெரிய ஊர் லேபுக்கு அனுப்பி முடிவு வரும் பரிசோதனைகள் இதில் இருப்பதால் இரண்டு வாரம் ஆனாலும் அது நியாயமான காலம்தான்.

ஸ்கேனைப் பற்றி. சி.டி.யில் ஒவ்வொரு திசுவின் அடர்த்திக்கும் ஓர் எண் உண்டு, ஹவுன்ஸ்ஃபீல்ட் என்பார்கள். தண்ணீர் பூஜ்யம், கொழுப்பு மைனஸில். சாயம் செலுத்தாமல் எடுத்த படத்தில், ஒரே சீராக 10 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது கொழுப்புச் சத்து நிறைந்த சாதுவான அடினோமா. 2023இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல்படி, அப்படிப்பட்ட கட்டி எந்த அளவில் இருந்தாலும் மேற்கொண்டு ஸ்கேன் தேவையில்லை. மயலோலிப்போமா என்று ஒன்று உண்டு. கொழுப்பும் எலும்பு மஜ்ஜை போன்ற திசுவும் கலந்தது. மைனஸ் எண்ணைப் பார்த்ததுமே ரேடியாலஜிஸ்ட் பெயர் சொல்லிவிடுவார். வலியோ ரத்தக்கசிவோ இல்லாவிட்டால் பெரும்பாலும் சும்மா விட்டுவிடலாம். ரத்தக்குழாய்க் கட்டி, நரம்புறைக் கட்டி போன்ற இன்னும் அரிதானவை பெரும்பாலும் வெட்டி எடுத்த பிறகுதான் தங்கள் பெயரைச் சொல்லும்.

கேங்லியோநியூரோமா இதற்கு நடுவில் நிற்கிறது. சாயம் இல்லாத படத்தில் பொதுவாக 20 முதல் 40 வரை காட்டும். அதனால் சாது என்று ஸ்கேன் மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சில அடையாளங்கள் உண்டு. சாயம் செலுத்தினால் உடனே பளிச்சென்று ஏறாமல் மெல்ல மெல்லத்தான் ஏறும். புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் சுழல் சுழலாகக் கோடுகள் தெரியலாம். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் வேறு. இந்தக் கட்டி மென்மையானது. பெரிய ரத்தக்குழாய்களை நெரிக்காமல், ஈரக் களிமண் போல அவற்றைச் சுற்றி வழிந்து நிற்கும். புற்றுநோய் குழாயை அழுத்திச் சுருக்கும், உள்ளே புகும். உங்கள் ரிப்போர்ட்டில் கீழ்ப்பெருஞ்சிரையை (IVC, உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய்) பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அறுவை செய்பவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

அப்படியானால் எடுக்கத்தான் வேண்டுமா? சுரக்காத, உறுதியாகச் சாதுவான கட்டியை எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் பொது விதி. ஆனால் 4 செ.மீ.க்கு மேல், அடர்த்தி 20க்கு மேல், வயதோ 23 என்றால் ஐயத்தோடு பல ஆண்டுகள் காத்திருப்பதைவிட முழுசாக எடுத்துப் பெயரைத் தெரிந்துகொள்வது நல்லது. என் அபிப்பிராயமும் அதுதான்.

மெட்டாநெஃப்ரின் அதிகமாக வந்தால் பாதை மாறும். பிரசோசின், டாக்ஸசோசின், ஃபினாக்ஸிபென்சமின் போன்ற, ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பு மருந்தில் ஒன்றைக் குறைந்தது 7 முதல் 14 நாள் கொடுத்து, உப்பும் தண்ணீரும் தாராளமாகச் சேர்த்து, சுருங்கிக் கிடக்கும் ரத்தக்குழாய்களை நிரப்ப வேண்டும். நாடித்துடிப்பு அதிகமாக இருந்தால் பீட்டா தடுப்பு மருந்து அதற்குப் பிறகுதான். முன்னால் கொடுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். இப்படி வந்தவர்களுக்கு மரபணுப் பரிசோதனையும் செய்ய வேண்டும். 1886இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் படபடப்பும் தலைவலியும் வந்து இறந்த 18 வயதுப் பெண்ணின் இரண்டு அட்ரினலிலும் கட்டி இருந்ததை ஃபெலிக்ஸ் ஃப்ரெங்கல் எழுதிவைத்தார். சுமார் 120 ஆண்டுகளுக்குப் பிறகு, 2007இல், அந்தப் பெண்ணின் குடும்ப வழியில் வந்தவர்களுக்கு அதே நோய்க்கான மரபணுக் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் காப்பாற்றலாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். இன்னொன்று: ஃபியோகுரோமோசைட்டோமாவை ‘சாதுவானது’ என்று இப்போது யாரும் முத்திரை குத்துவதில்லை. எல்லாவற்றுக்கும் பரவும் சாத்தியம் உண்டு என்று 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு மாறிவிட்டது. அதனால் ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு.

1926இல் சுவிட்சர்லாந்தில் செஸார் ரூவும் அமெரிக்காவில் சார்ல்ஸ் மேயோவும் இந்தக் கட்டியை முதன்முதலாக வெற்றிகரமாக எடுத்தபோது, உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமலேதான் வயிற்றைத் திறந்தார்கள். நோயாளிகள் பிழைத்தார்கள். இன்று ஒரு குழாய் ரத்தத்தில் தெரிந்துகொள்ள முடிகிறதை யாரும் அப்படித் துணிந்து பார்க்கத் தேவையில்லை.

ஆபரேஷனுக்கு வருகிறேன். வயிற்றைக் கிழிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். 1992இல் கனடாவில் மிஷேல் காஞே லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) மூலம் அட்ரினலை எடுத்ததைப் பதிவு செய்தார். அதிலிருந்து சாதுவான கட்டிகளுக்கு அதுவே வழக்கமான முறை. உங்கள் தங்கையை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலது விலா எலும்புக்குக் கீழே நான்கு சிறு துளைகள் போடுவார்கள். கல்லீரலைப் பிடித்திருக்கும் தசைநாரை விடுவித்துத் தூக்கினால் கீழ்ப்பெருஞ்சிரை நீல நிறத்தில் தெரியும். அதன் ஓரத்திலேயே போக வேண்டும். வலது அட்ரினல் சுரப்பியின் சிரை மிகவும் குட்டை, பல நேரம் 1 செ.மீ.கூட இருக்காது. நேராகப் பெருஞ்சிரைக்குள் போய்ச் சேரும். இழுத்துவிட்டால் பெருஞ்சிரையிலேயே கிழிசல். இடது பக்கச் சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் போய்ச் சேரும். அதனால் அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். வலது பக்கம் அறுவை செய்யும்போது அந்தச் சிரைக்குக் கிளிப் போட்டு முடிக்கும்வரை எங்கள் அறையில் யாரும் பேச மாட்டோம்.

முதுகுப் பக்கமாகப் போகும் வழியும் உண்டு. குப்புறப் படுக்கவைத்து, கடைசி விலாவுக்குக் கீழே மூன்று துளைகள். ஜெர்மனியில் எஸ்ஸென் நகரில் மார்ட்டின் வால்ட்ஸ் இதை வளர்த்தெடுத்தார். குடலைத் தொடவே வேண்டாம், வலி குறைவு. ஆனால் இடம் சின்னது. 6 செ.மீ.க்கு மேல் என்றால் நான் முன்பக்கம்தான் போவேன். பாதியில் திறந்து செய்ய வேண்டி வந்தால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். கட்டி பெருஞ்சிரையோடு ஒட்டியிருந்தால் திறப்பதுதான் புத்திசாலித்தனம். உறை கிழியாமல் முழுசாகப் பையில் போட்டு எடுக்க வேண்டும். உள்ளேயே நறுக்கக் கூடாது. அதற்காக ஒரு துளையைச் சற்றுப் பெரிதாக்குவார்கள். அந்த அளவு தழும்பு இருக்கும்.

கேங்லியோநியூரோமாவில் அறுவை செய்பவருக்கு ஒரு சோதனை உண்டு. சிறுநீரகத்தின் ரத்தக்குழாயைச் சுற்றி கட்டி போயிருந்தால், கடைசித் துணுக்குவரை எடுக்கிறேன் என்று சிறுநீரகத்தை இழக்கக் கூடாது. இந்தக் கட்டியில் சிறு மிச்சம் இருந்துவிட்டால் பெரும்பாலும் அப்படியே அசையாமல் கிடக்கும், ஸ்கேனில் கண்காணித்தால் போதும். ‘குழாயை ஒட்டியிருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்பவர் கையில் தங்கையைக் கொடுக்கலாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு அட்ரினல் செய்பவரைவிட, தொடர்ந்து செய்யும் குழு நல்லது. வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்றே நாளமில்லாச் சுரப்பி அறுவைத் துறை இருக்கிறது. மயக்க மருந்து நிபுணருக்கும் இதில் பழக்கம் இருக்க வேண்டும்.

சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு, மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம். உள்ளே செலுத்திய வாயுவால் வலது தோளில் ஓரிரு நாள் வலி இருக்கும், பயப்பட வேண்டாம். கட்டி கார்டிசால் சுரந்ததாக இருந்தால் மட்டும், தூங்கிப்போன மறு சுரப்பி விழிக்கும்வரை சில மாதங்கள் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை வேண்டும். அதைத் தானாக நிறுத்தவே கூடாது. சுரக்காத கட்டி என்றால் மாத்திரையே வேண்டாம். நோயியல் ரிப்போர்ட் வர ஒரு வாரம்போல ஆகும். முதிராத அணுக்கள் எங்காவது ஒளிந்திருக்கின்றனவா என்று கட்டியைப் பல இடங்களில் அறுத்துப் பார்ப்பார்கள். முழுக்கக் கேங்லியோநியூரோமா என்று வந்தால் கீமோ, கதிர்வீச்சு எதுவும் கிடையாது. இடையில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மற்ற சுரப்பி நன்றாக இருந்தால் அது ஒன்றே ஒரு முழு வாழ்க்கைக்குப் போதும். மாதவிடாய், கல்யாணம், கருத்தரிப்பு, பிரசவம் எதற்கும் இந்த அறுவை தடையில்லை. அட்ரினலின் சுரக்கும் கட்டி இருப்பது தெரியாமல் கர்ப்பமாகியிருந்தால்தான் தாய்க்கும் குழந்தைக்கும் பெரிய ஆபத்து வந்திருக்கும். பித்தப்பைக்காக எடுத்த ஸ்கேனில் இது இப்போதே கண்ணில் பட்டதை நல்ல நேரம் என்றுதான் நான் சொல்வேன். கையில் இருக்கும் ஸ்கேன் படங்களின் குறுந்தகட்டையும் எல்லா லேப் தாள்களையும் ஒரே ஃபைலில் போட்டு, பிரசவம் பார்க்கப்போகும் டாக்டர்வரைக்கும் காட்டும்படி பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் முடிவு வந்ததும், அதில் உள்ள இரண்டு எண்களையும் லேப் போட்டிருக்கும் சாதாரண அளவையும் சேர்த்து எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.